உப்புத்தாள் போட்ட தோல்

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் தோலுக்கு வருகிறேன்.

கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் ஃபைபர் படகு செய்கிற பட்டறை ஒன்று கட்டினேன். ஓலைக் கொட்டகை, ஒரே ஒரு டிரம் ரெசின், இரண்டு பிரஷ். அவ்வளவுதான் ஆரம்பம். படகுக்கு அச்சு வெளியூரிலிருந்து வாங்கினால்தான் உருப்படும் என்றார்கள். நானே பலகையும் பட்டியும் வைத்து இழைத்து அச்சு செய்தேன். அதில் வார்த்த படகுகள் தேவனாம்பட்டினத்திலிருந்து சாமியார்பேட்டை வரைக்கும் கரையில் கிடக்கின்றன, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தானே புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. இரும்புத் தூண் நட்டுத் தகரம் போட்டேன், அது இன்னும் நிற்கிறது. பட்டறைக்குப் பின்னால் உப்புத்தண்ணிதான் வரும் என்று எல்லாரும் சொன்ன இடத்தில் போர் போட்டு நல்ல தண்ணி எடுத்தேன். மாடி வீடு கட்டினேன். எங்கள் ஊர் அம்மன் கோயில் முன்மண்டபத்தில் பாதித் தூண் என்னுடையது. இதெல்லாம் நாலாங்கிளாஸோடு வலை இழுக்கப் போனவன் கட்டியது.

இதற்கெல்லாம் மேல் ஒன்று உண்டு. மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பெரிய டாக்டர்கள் இரண்டு பேருக்கு நடுவில் வந்த கருத்து வேறுபாட்டைத் தீர்த்து வைத்தது நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழிலில் ஒரே ஒரு சட்டம்: தேய்க்காமல் ஒட்டாது. அச்சுக்குள் முதலில் மேல்பூச்சு அடிப்போம். அதன்மேல் கண்ணாடி நூலில் செய்த பாயை விரித்து ரெசினில் நனைப்போம். மறுபடி பாய், மறுபடி ரெசின். இறுகிய பிறகு படகை அச்சிலிருந்து பிரித்து, தண்ணி தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம். பழைய படகு ரிப்பேருக்கு வந்தாலும் முதல் வேலை தேய்ப்பதுதான். தேய்க்காத படகை நான் யார் கண்ணிலும் காட்டியதில்லை. பார்க்க வருகிறவர் முன்னால் பொருக்கும் தூசியுமாக நிறுத்தினால், அது படகுக்காரனுக்கு மரியாதை இல்லை, நமக்கும் இல்லை.

அப்படி இருந்தவனுக்கு முழங்கையில் ஒரு சிவப்புத் திட்டு வந்தது. மேலே வெள்ளையாகச் செதில். பிறகு முன்கையில் ஒன்று, கணுக்காலுக்கு மேல் இரண்டு. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்பைப் போட்டால் மறையும், விட்டால் வரும். ஒரு வருசம் இப்படியே ஓட்டினேன். அரிப்பு ஜாஸ்தியாகி, ஒரு நாள் ரெசின் கலக்கும்போது சொறிந்த இடத்தில் ரத்தம் வந்துவிட்டது. என் மனைவியின் தம்பி, என் மச்சான், பட்டறையில் எனக்கு அடுத்த ஆள். அவன்தான் என்னை மஞ்சக்குப்பத்தில் இருக்கிற தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனான்.

அந்த அம்மா நிதானமானவர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது சோரியாசிஸாக இருக்கலாம், இல்லை ரெசின் ஒத்துக்கொள்ளாமல் வந்த கரப்பானாக இருக்கலாம், வெறும் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல மாட்டேன் என்றார். முதுகில் ரெசின் மருந்தைத் தடவி ஒட்டுப் போட்டு ஒரு சோதனை செய்தார். பட்டறைத் தகரத்துக்குக் கீழே என் வேர்வையில் அந்த ஒட்டு அன்றைக்கே கழன்று விழுந்துவிட்டது. அது உதவவில்லை. தோலில் சின்னதாக ஒரு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம் என்றார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை.

"சோரியாசிஸ்னா மாத்திரை, களிம்பு, அப்பப்ப ரத்தப் பரிசோதனை. முழுசா விட்டுப் போகாது, ஆனா அடக்கி வைக்கலாம், நீங்க உங்க வேலையைப் பாக்கலாம். ரெசினால வந்த கரப்பான்னா நீங்க பட்டறையை விடணும் அய்யா. கொட்டகைக்குள்ள நிக்கக்கூட கூடாது."

யாராவது தனக்குத் தீராத வியாதி இருக்கணும் என்று சாமி கும்பிடுவானா? நான் கும்பிட்டேன். பாதித் தூண் என்னுடையதான அந்த மண்டபத்தில் நின்று, சோரியாசிஸாக இருக்கட்டும் ஆத்தா என்றேன். பட்டறையை விட்டு நான் என்ன செய்வேன்? மச்சான் நல்லவன்தான், கை வேலையும் உண்டு. ஆனால் ரெசின் எப்போது இறுகும் என்பதை வாசனையில் கண்டுபிடிக்க அவனுக்கு இன்னும் வராது. அவனோ வீட்டில் சாப்பிட வரும்போதெல்லாம் ஆரம்பித்தான், மாமா நீங்க வாசல்ல சேர் போட்டு உக்காந்துக்குங்க, நான் வீடியோ காலில் படகைக் காட்டறேன் என்று. என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

துண்டு எடுக்கிற நாள் வந்தது. இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். காலையில் பட்டறையில் கை கழுவும்போது முன்கையைப் பார்த்தேன். திட்டின் மேல் செதில் அடை அடையாக நின்றது. இதைத்தான் வெட்டி எடுத்துப் பெரிய டாக்டர்கள் பார்க்கப் போகிறார்கள். பொருக்கோடு எப்படிக் காட்டுவது? வேறு யோசனை எதுவும் வரவில்லை. கையும் தானாகவே போய்விட்டது. தேய்ந்துபோன சன்ன உப்புத்தாள் ஒன்று தொட்டி ஓரம் கிடந்தது. தண்ணி தொட்டு, மெதுவாக, படகுக்குத் தேய்க்கிற மாதிரி ஒரே பக்கமாகத் தேய்த்தேன். செதில் போய் இளஞ்சிவப்பாகப் பளிச்சென்று ஆனது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினேன்.

டாக்டரம்மா சின்னக் குழாய் போன்ற ஒரு கத்தியைத் திருகி வட்டமாக ஒரு துண்டு எடுத்தார். அடிப்பக்கம் எத்தனை கனம் என்று பார்க்க நாங்களும் பழைய படகில் இப்படித்தான் வட்டமாகத் துண்டு எடுப்போம், நீங்களும் என் தொழில்தான் என்றேன். அந்த அம்மா சிரித்தார். அன்றைக்கு அவருக்கு வெளியே நிறையக் கூட்டம், திட்டு ஏன் பளிச்சென்று இருக்கிறது என்று கேட்கவில்லை.

துண்டு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிற லேப் டாக்டருக்குப் போனது. வயசானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுவார். பத்து நாள் கழித்து முடிவு எழுதினார்: சோரியாசிஸ் மாதிரியான அமைப்பு. நான் மச்சானுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் டாக்டரம்மாவுக்குத் திருப்தி இல்லை. அந்த முடிவின் கடைசியில், தோலில் கொஞ்சம் நீர்க் கோப்பு இருக்கிறது, கரப்பானையும் தள்ளிவிட முடியாது என்று ஒரு வரி இருந்தது. இப்படிப்பட்டதைச் சிதம்பரத்தில் ஒரு பேராசிரியர் நன்றாகப் பார்ப்பார், துண்டை ஒட்டிய கண்ணாடித் தகட்டையும் மெழுகுக் கட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

மெழுகுக் கட்டி என்றால் என் தோல் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பது. அதிலிருந்து நூலை விடச் சன்னமாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். இரண்டையும் மச்சானின் டிபன் டப்பாவில் துணி சுற்றி வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினோம். சிப்காட் தாண்டினதும் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. மச்சான் டப்பாவை என் மடியில் வைத்து, "உங்க தோல உங்க மடியில வெச்சிருக்கேன், பாத்துக்குங்க மாமா" என்றான். பக்கத்தில் இருந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதல் தடவை கொடுத்துவிட்டு வந்தோம். ஒரு வாரத்தில் பேராசிரியரின் முடிவு டாக்டரம்மாவிடம் வந்தது: நாள்பட்ட கரப்பான். சோரியாசிஸ் என்று சொல்ல ஆதாரம் போதாது.

அன்றைக்கே பட்டறைக்குப் போனேன். பட்டறையில் அச்சுக்குள் ஒரு பெரிய படகு பாதியில் இருந்தது. நான் வாசலிலேயே நின்றேன். மச்சான் உள்ளே இருந்து, எந்தப் பாயை முதலில் விரிக்கணும் என்று கூவிக் கேட்டான். அவனுக்குத் தெரியும், எனக்காகக் கேட்டான்.

ஆனால் நான் சும்மா இருக்கிறவன் இல்லை. ஒரே கண்ணாடி, ஒரே தோல், அது எப்படி இரண்டு வியாதியாகும்? மறுநாளே மச்சானைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் சிதம்பரம் போனேன். பேராசிரியர் அறை வாசலில் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை உட்கார்ந்தேன். அவர் வெளியே வந்து என்ன பெரியவரே என்றார். என் தோலை நான் ஒரு தடவை பார்க்கணும் என்றேன். அவர் என்னை ஒரு நிமிசம் பார்த்தார். மாணவர்களுக்குக் காட்ட மைக்ராஸ்கோப்போடு டிவி ஒன்று மாட்டி வைத்திருந்தார், அதில் போட்டுக் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, பெரிய மனசு உள்ளவர்.

டிவியில் என் தோல் ஊதாவும் ரோஜா நிறமுமாகத் தெரிந்தது. மேல்தோல் கீழ்நோக்கி விரல் விரலாக இறங்கியிருந்தது. அவர் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இந்த விரல்கள் சீப்புப் பல் மாதிரி ஒரே அளவாக இறங்கினால் சோரியாசிஸ். கோணல் மாணலாக இறங்கி, செல்களுக்கு நடுவில் தண்ணீர் கோத்தால் கரப்பான். உங்களுக்குக் கொஞ்சம் அப்படியும் இருக்கிறது, கொஞ்சம் இப்படியும் இருக்கிறது. கடலூர் டாக்டர் விரலைப் பெரிதாக எடுத்துக்கொண்டார், நான் தண்ணீரைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். இந்த வியாதிகளை எப்படிப் பிரித்து வைப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே எப்போதும் வாதம் உண்டு என்றார். அப்புறம் அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார்: பாதிச் சாட்சி மேலே செதிலில்தான் இருக்கும். சோரியாசிஸ் என்றால் அந்தச் செதிலுக்குள் வெள்ளை அணுக்கள் குட்டிக் குட்டியாகக் கூடியிருக்கும். உங்களுக்கு அது கிடைக்கவில்லை.

நான் டிவிக்குப் பக்கத்தில் போனேன். வெட்டின படகை நாற்பது வருசமாகப் பக்கவாட்டில் பார்த்தவன் நான். பாய், ரெசின், பாய், ரெசின் என்று அடுக்கு எண்ணுகிற கண் இது. மேல் விளிம்பைப் பார்த்தேன்.

"அய்யா, இதுல மேல்பூச்சு எங்க?"

"செதில் கொஞ்சம் உதிர்ந்திருக்கு. சீவும்போது சில சமயம் போயிடும்."

"உதிரலீங்க. உதிர்ந்தா பாளமா போவும். இங்க பாருங்க, மேட்டுல ஒன்னும் இல்ல, பள்ளத்துல மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. இது உப்புத்தாள் போட்டது."

பேராசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார். மச்சானும் பார்த்தான். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் வாழ்நாளில் நான் செய்த வேலையில் தப்பு என்று யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை, ஒத்துக்கொள்ளும்படி வைத்ததும் இல்லை. ஆனால் பட்டறை வாசலில் நின்றது ஞாபகம் இருந்தது.

"நான்தான் தேய்ச்சேன். துண்டு எடுக்கிற அன்னிக்கு, சுத்தமா இருக்கட்டும்னு."

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு, "படகு ஓட்டைன்னா தேய்க்கலாம் மாமா, உங்க கையில என்னா ஓட்டை?" என்றான். பேராசிரியர் சிரித்தார். அப்படிச் சிரித்துக்கொண்டே நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். களிம்பு ஏதாவது போட்டீர்களா, எத்தனை நாள், எண்ணெய் தடவினீர்களா என்று கேட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். களிம்பும் தோலின் சாயலை மாற்றிவிடும், தேய்த்துச் சொறிந்தால் சோரியாசிஸ்கூடக் கரப்பான் போல நடிக்கும் என்றார். அப்புறம் கடலூர் லேப் டாக்டருக்கு அங்கேயே போன் போட்டார். இரண்டு பேரும் என்னை வைத்துக்கொண்டே வாதம் செய்தார்கள். நாம் பார்த்தது பாதித் தோல், மீதியை ஆள் பட்டறையிலேயே கழுவிவிட்டார் என்று இவர் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் அவரும் சிரித்திருக்க வேண்டும்.

முடிவு இது: புதிதாக வந்த ஒரு திட்டில், கை படாமல், களிம்பு படாமல், மூன்று வாரம் விட்டு இன்னொரு துண்டு எடுப்பது. முழங்காலுக்குக் கீழே அப்போதுதான் ஒன்று வந்திருந்தது. அதுதான் என்று நானே காட்டிக் கொடுத்தேன்.

அந்த மூன்று வாரம் படகு கட்டுவதை விடக் கஷ்டம். தேய்க்கக் கூடாது, சொறியக் கூடாது, எண்ணெய் வைக்கக் கூடாது. லுங்கியில் செதில் உதிர்ந்துகொண்டே இருந்தது. மஞ்சக்குப்பத்தில் சொந்தக்காரர் கல்யாணம், பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். இது ஒட்டாது, டாக்டரைக் கேளுங்க என்று அவர் முதுகுக்குச் சொல்லிவிட்டுப் பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கை அரித்தால் மனைவி விசிறிக் காம்பால் கையில் தட்டுவாள். மச்சான் பட்டறையில் இருக்கிற உப்புத்தாளை எல்லாம் அலமாரியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். அவனுக்கு வேலைக்கு வேண்டும்போது மட்டும் திறப்பான். என் பட்டறை, என் உப்புத்தாள்.

இரண்டாவது துண்டு எடுக்கும்போது டாக்டரம்மா செதில் ஒன்றுகூட விழாமல் பார்த்துப் பார்த்து எடுத்தார். கண்ணாடி முதலில் கடலூரில், பிறகு சிதம்பரத்தில். இந்தத் தடவை இரண்டு பேரும் எழுதியது ஒன்றேதான்: சோரியாசிஸ். வெள்ளை அணுக்கள் செதிலுக்குள் கூடு கட்டி உட்கார்ந்திருந்தன. விரல்கள் சீப்புப் பல் மாதிரி இறங்கியிருந்தன. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு டிவியில் காட்டினார். மேல்பூச்சு முழுசாக இருந்தது.

முதல் கண்ணாடி விஷயத்தில் மட்டும் அவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அன்றைக்குக் கண்ணாடியில் இருந்ததை வைத்து நான் எழுதியது சரிதான் என்கிறார் பேராசிரியர். விரலைப் பார்த்தே நான் கண்டுகொண்டேன் என்கிறார் லேப் டாக்டர். மேல் அடுக்கு இல்லாத துண்டை எந்தப் பிரிவிலும் சேர்க்காமல் நிறுத்தி வைக்கணுமா, இல்லை இருக்கிறதை வைத்துச் சொல்லணுமா என்பது இப்போது அவர்கள் வாதம். இரண்டும் நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, மாதா மாதம் ரத்தம் பார்ப்பது, பிராந்தியை நிறுத்தியது. முழங்கை இப்போது பழுப்புத் தடமாக மட்டும் இருக்கிறது. உரசினால், அடிபட்டால் அந்த இடத்திலும் சோரியாசிஸ் கிளம்பும், அதனால் தேய்க்கிற வேலை உங்களுக்குக் கிடையாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தேய்ப்பது மச்சான். ரெசின் கலப்பது, வாசனை பார்ப்பது, பாய் விரிக்கச் சொல்வது நான், கையுறை போட்டுக்கொண்டு. பாதியில் நின்ற அந்தப் பெரிய படகை நானே அச்சிலிருந்து பிரித்தேன்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். போன மாதம் சிதம்பரத்தில் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. அதில் பேராசிரியர் என் இரண்டு கண்ணாடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய தாளில் அச்சடித்து மாட்டியிருக்கிறார். டாக்டரம்மா அதைப் போனில் படம் எடுத்து வந்து, எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். வயதான ஆண், படகு கட்டும் தொழில் என்று போட்டிருக்கிறது. பேர் போட மாட்டார்கள், அது அவர்கள் வழக்கம், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: 'விசாரித்ததில், துண்டு எடுப்பதற்கு முன் நோயாளி அந்த இடத்தைத் தேய்த்திருந்தது தெரியவந்தது.'

யார் விசாரித்தார்கள்? என்னை யாரும் கேட்கவில்லை. பேராசிரியர் நல்லவர், இதைப் படித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சீவும்போது போயிருக்கும் என்று அவர் சொன்னார், மேட்டையும் பள்ளத்தையும் பார்த்து இது உப்புத்தாள் என்று நான் சொன்னேன். தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன், அதையும் எழுதுங்கள். கண்டுபிடிப்பும் என்னுடையது. இப்போது டாக்டரம்மா துண்டு எடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் தேய்த்துவிட்டு வராதீர்கள் என்று முதலிலேயே சொல்கிறார். அது எங்கிருந்து வந்தது?

ஆகவே அந்த வரியை எடுத்துவிட்டு, 'மேல் அடுக்கு தேய்க்கப்பட்டிருப்பதை நோயாளியே திரையில் பார்த்துக் கண்டுபிடித்துச் சொன்னார். இரண்டாவது துண்டுக்கான இடத்தையும் அவரே காட்டினார்' என்று மாற்றி அச்சடிக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் மாட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி அனுப்பவும் வேண்டும். மாற்றியிருக்கிறார்களா என்று டாக்டரம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன்.